ஆளில்லாத சீட்டு

போன வருஷம் செமஸ்டர் லீவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பர்ச்சேஸ் பில்லை டாலியில் ஏற்றுவது, பேங்க் ஸ்டேட்மென்டை டிக் அடிப்பது, நடுவில் டீ சொல்வது. பி.காம். படிக்கிறவனின் இன்டர்ன்ஷிப் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு நாள் காலையில் போனால் ஆபீசே கலவரமாக இருக்கிறது. ஒரு கிளையண்டுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ். மூன்று வருஷத்துக்கு முந்தைய கணக்கைக் கேட்கிறார்கள். அதற்கான ஒர்க்கிங் ஷீட் எல்லாம் போட்டவர் அங்கே முன்பு இருந்த ஒரு அண்ணன். அவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஃபைல்தான் கிளவுடில் இருக்கிறதே என்று எல்லோரும் தெம்பாக இருந்தார்கள். தேடினால் அந்த ஃபோல்டரே இல்லை. விசாரித்ததில் தெரிந்தது: அண்ணன் போன மறுமாதமே, "ஆளில்லாத சீட்டுக்கு எதுக்கு மாசாமாசம் காசு" என்று அவர் பெயரில் இருந்த லைசென்சை எடுத்துவிட்டார்கள். எடுத்தது வேறு யாருமில்லை, எங்கள் சாரேதான். "இத்தனை நாளில் ஃபைல்கள் போய்விடும்" என்று எச்சரிக்கை மெயிலும் வந்திருக்கிறது. அது யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது. எந்த நிறுவனத்தின் சேவை என்பது இங்கே வேண்டாம். கோளாறு எங்கள் பக்கம்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. மெஸ்ஸில் டோக்கன் வாங்காவிட்டால் சாப்பாடு கிடையாது, நியாயம். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைப் புதுப்பிக்காவிட்டால் சைக்கிளே காணாமல் போகுமா? லைசென்ஸ் என்பது மெஸ் டோக்கன் மாதிரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எப்போது சைக்கிள் ஸ்டாண்ட் டோக்கனாக மாறியது? லீவு முடிந்த பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. நோண்டிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

கொசுவத்தியை 1980களுக்குச் சுற்றுவோம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் நாவெல் என்றொரு கம்பெனி. 1983 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த நெட்வேர், அடுத்த பத்து வருஷத்துக்கு உலகத்து ஆபீஸ்களின் பொது அலமாரியாக இருந்தது. ஆபீசின் ஒரு மூலையில் சர்வர் பெட்டி ஒன்று நிற்கும். மற்ற கணினிகளெல்லாம் கேபிள் வழியாக அதோடு பேசும். லாகின் செய்தவுடன் எஃப் டிரைவ் என்று ஒன்று தெரியும். ஆபீசின் ஃபைல்கள் அங்கே. பெட்டி ஆபீசுடையது, ஹார்ட் டிஸ்க் ஆபீசுடையது, அந்த அறையின் சாவியும் ஆபீசுடையது. வாங்கியது மென்பொருளுக்கான உரிமை மட்டும்.

அந்த உரிமையை எப்படி எண்ணினார்கள் என்பதுதான் முக்கியம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்பதே கணக்கு. 5 பேர், 10 பேர், 25, 50, 100, 250 என்று பொட்டலம் கட்டி விற்றார்கள். ஐந்து பேருக்கு வாங்கிய ஆபீசில் ஆறாவது ஆள் லாகின் செய்தால் கதவு திறக்காது. தீர்வு? யாராவது ஒருவர் லாகவுட் ஆக வேண்டும். "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க, நான் ஒரு பிரிண்ட் எடுத்துக்கிறேன்." அவ்வளவுதான்.

திருட்டு காப்பியைத் தடுக்கவும் வழி வைத்திருந்தார்கள். ஆரம்பப் பதிப்புகளில் சர்வருக்குள் ஒரு கீ கார்டைச் செருகியாக வேண்டும். பிறகு சீரியல் எண் வந்தது. ஒரே சீரியல் எண்ணோடு இரண்டு சர்வர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும். உடனே காப்புரிமை மீறல் என்ற அறிவிப்பு ஆபீசில் எல்லோர் திரையிலும் வந்து நிற்கும். முதலாளி செய்த தில்லுமுல்லு டைப்பிஸ்ட் வரை தெரிந்துவிடும். இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன் :-)

ஆனால் கவனியுங்கள். கதவு திறக்காது, மானம் போகும். அதிகபட்சம் இவ்வளவுதான். அலமாரிக்குள் இருக்கும் ஃபைலை லைசென்ஸ் தொடவே இல்லை.

அடுத்து வந்தது மைக்ரோசாப்ட். 1990களின் நடுவில் விண்டோஸ் என்.டி. சர்வர் நெட்வேரின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியபோது கூடவே 'கேல்' என்ற ஒன்றும் வந்தது. சர்வரை அணுகுவதற்கான தனி லைசென்ஸ் அது. சர்வருக்குத் தனியாகக் காசு, அதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தனியாகக் காசு. இதில் இரண்டு முறைகள். பெர் சர்வர் என்றால் ஒரு சர்வரில் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்பது கணக்கு. பெர் சீட் என்றால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு லைசென்ஸ், அதை வைத்துக்கொண்டு எத்தனை சர்வருக்கு வேண்டுமானாலும் போகலாம். முதல் முறையிலிருந்து இரண்டாவதற்கு ஒரே ஒரு தடவை மாறலாம், திரும்பி வர முடியாது. இன்ஸ்டால் செய்கிறவர் ஏதோ ஞாபகத்தில் தவறான வட்டத்தை கிளிக் செய்துவிட்டு வருஷக்கணக்கில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

2003-ல் இதைக் கொஞ்சம் புத்தியோடு மாற்றினார்கள். யூசர் கேல், டிவைஸ் கேல் என்று பிரித்தார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்களுக்கு இது அல்வா மாதிரியான கணக்கு. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் 20 கணினி, 60 ஆட்கள் என்றால் 20 டிவைஸ் கேல் போதும். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு மேஜைக் கணினி, ஒரு போன் என்று அலையும் விற்பனைப் பிரிவுக்கு ஆளுக்கு ஒரு யூசர் கேல் வாங்குவதுதான் லாபம். அந்தக் காலத்து லைசென்ஸ் பிரச்சினையைத் தீர்ப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டல் கழித்தல்தான். கேல் என்பது ஒரு காகித உரிமை. வாங்கினீர்களா என்று பல இடங்களில் சர்வரே கேட்காது. எனவே பயமெல்லாம் ஆடிட் பற்றியது. குறைந்தால் வருஷக் கடைசியில் எண்ணி, கூடுதலுக்குக் காசைக் கட்டி, கணக்கை நேர்செய்வார்கள். அப்போதும் ஃபைல் எஃப் டிரைவிலேயே கிடக்கும்.

திருப்பம் 2008 நவம்பரில். மைக்ரோசாப்ட் தன் சர்வர்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. மெயிலும் ஷேர்பாயிண்ட்டும் சேர்ந்த ஒரு தொகுப்பு, ஆளுக்கு மாதம் 15 டாலர். 2011 ஜூன் 28-ல் அது ஆபீஸ் 365 ஆகப் பெரிய அளவில் வெளிவந்தது. சின்ன நிறுவனங்களுக்கான திட்டம் ஆளுக்கு மாதம் 6 டாலரில் தொடங்கியது. நம் பாஷையில் சொன்னால் கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர் ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சராக மாறியது. சர்வர் வாங்கத் தேவையில்லை, ஏசி அறை தேவையில்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியை மாற்றத் தேவையில்லை. சின்ன ஆபீஸ்களுக்கு இது வரம்தான், அதை மறுக்கவில்லை. எங்கள் சாருக்கு ஐ.டி. ஆள் வைக்கிற வசதியெல்லாம் கிடையாது.

ஆனால் சத்தமில்லாமல் இன்னொன்றும் மாறியது. பழைய உலகத்தில் அலமாரி முதலில், ஆள் பிறகு. புதிய உலகத்தில் ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்த பிறகுதான் அவருடைய அலமாரியே பிறக்கிறது. ஒன்டிரைவ் என்று வேலையிடத்தில் நாம் சொல்வது அடித்தளத்தில் ஒரு ஷேர்பாயிண்ட் தளம். ஒருவருக்கு லைசென்ஸ் கொடுத்து, அவர் முதல் தடவை உள்ளே போகும்போது அவர் பெயரிலேயே அது உருவாகிறது. (முதலில் இதன் பெயர் ஸ்கைடிரைவ். பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் வழக்குப் போட்டு 2013-ல் ஜெயித்ததால் 2014-ல் ஒன்டிரைவ் ஆனது.) உள்ளே நுழைகிற உரிமையும் பொருளை வைத்துக் காக்கிற வேலையும் ஒரே டோக்கனில் ஒட்டிக்கொண்டது இங்கேதான்.

அந்த நேரத்தில் இதை யாரும் கவலையாக நினைக்கவில்லை. காரணம், இடம் தண்ணீர் மாதிரி ஓடியது. வேலையிடத்து ஒன்டிரைவில் ஆளுக்கு 7 ஜிபி என்று இருந்தது 2013-ல் 25 ஆனது, 2014-ல் 1 டிபி ஆனது. 2014 ஜூனில் கூகுள், ஆளுக்கு மாதம் 10 டாலருக்கு, குறைந்தது ஐந்து பேர் இருந்தால் டிரைவில் வரம்பே இல்லை என்றது. அக்டோபரில் மைக்ரோசாப்ட்டும் வரம்பில்லை என்று அறிவித்தது. அளவுச் சாப்பாட்டு ஹோட்டல்கள் எல்லாம் ஒரே நாளில் முழுச் சாப்பாட்டு போர்டு மாட்டின மாதிரி. முழுச் சாப்பாடு என்றால் நாலு பேர் டிபன் கேரியரோடு வருவார்கள் இல்லையா? வந்தார்கள். 2015 நவம்பரில் மைக்ரோசாப்ட் வீட்டுச் சந்தாக்காரர்களுக்கு அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. சிலர் 75 டிபிக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள், சராசரியைப் போல 14,000 மடங்கு என்று காரணம் சொன்னது. டிராப்பாக்ஸ் தன் வணிகத் திட்டத்தில் தேவையான அளவு இடம் என்ற வாக்கை 2023 ஆகஸ்டில் முடித்துக்கொண்டது. கிரிப்டோ மைனிங் செய்கிறவர்களும் இடத்தை வாங்கி மறுவிற்பனை செய்கிறவர்களும் புகுந்துவிட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதற்கு நடுவே அன்றாட லைசென்ஸ் தொல்லைகள் வேறு விதமாகிவிட்டன. ஒருவருக்கு லைசென்ஸ் கொடுக்கப் போனால், அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற கட்டம் காலியாக இருந்தால் போதும், கொடுக்க முடியாது என்று வரும். சில சேவைகளை எல்லா நாட்டிலும் தர முடியாது என்பதால் அந்தக் கட்டுப்பாடு. தீர்வு, அந்தக் கட்டத்தில் இந்தியா என்று தேர்வு செய்வது. அரை நிமிஷ வேலை. தெரியாதவருக்கு அரை நாள். ஒரே ஆளுக்கு ஷேர்பாயிண்ட்டின் முதல் திட்டமும் இரண்டாம் திட்டமும் சேர்ந்து வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்; ஒன்றை நீக்க வேண்டும். 2017-லிருந்து ஆள் ஆளாகக் கொடுக்காமல் குழுவுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வசதி வந்தது. கணக்குப் பிரிவு என்ற குழுவில் சேர்த்தால் லைசென்ஸ் தானாக வரும். அருமையான வசதி. ஆனால் கையிருப்பில் 10 லைசென்ஸ் இருந்து குழுவில் 11 பேர் இருந்தால், அந்தப் பதினோராவது ஆள் ஏன் ஃபைல் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் லைசென்சும் தானாகப் போய்விடும் என்பது இதன் மறுபக்கம். பிரமோஷனில் பிரிவு மாறியவர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய ஓட்டை, வேலையை விட்டுப் போனவர்கள் விஷயத்தில். ஒருவர் போனதும் அவருடைய மெயில் பெட்டியைப் பொதுப் பெட்டியாக மாற்றிவிட்டு லைசென்சை எடுத்துவிடலாம். 50 ஜிபிக்குள் இருந்தால் மெயில் இலவசமாகவே தொடரும். இது ஐ.டி. ஆட்களுக்கு மனப்பாடமான தந்திரம். அவருடைய ஒன்டிரைவும் அதே போல இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பல வருஷம் அது நடைமுறையில் உண்மையாகவே இருந்தது. கணக்கை அழித்தால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். நிர்வாகி மாற்றாதவரை 30 நாள் கெடு. கணக்கை அழிக்காமல் லைசென்சை மட்டும் எடுத்தால் ஒன்றும் ஆகாது, ஃபைல்கள் அப்படியே கிடந்தன. ஆளில்லாத சீட்டுக்குக் காசும் இல்லை, சாமானும் பத்திரம்.

2024-ல் மைக்ரோசாப்ட் இதை முடித்துவைப்பதாக அறிவித்தது. 2025 ஜனவரி 27 முதல் புதிய விதி. லைசென்ஸ் இல்லாமல் 60 நாள் ஆனால் அந்த ஒன்டிரைவில் படிக்க மட்டும் முடியும். 93 நாள் ஆனால் யாரும் திறக்க முடியாது. சட்டக் காரணத்துக்காகக் காத்து வைக்கச் சொன்ன ஃபைல்கள் ஆவணக் கிடங்குக்குப் போகும். அப்படி எதுவும் சொல்லி வைக்காதவை அழிவின் பாதைக்கு. கிடங்குக்குப் போனதைத் திரும்ப எட்டிப்பார்க்க வேண்டுமென்றால் பில்லிங் இணைக்க வேண்டும். ஜிபிக்கு மாதம் 5 சென்ட் வாடகை, திரும்பத் திறக்க ஜிபிக்கு 60 சென்ட். போனவர் 100 ஜிபி விட்டுச் சென்றிருந்தால் திறக்கும் கூலி மட்டும் 60 டாலர். 1,000 ஜிபி என்றால் 600.

அநியாயம் என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது. யோசித்தால் அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. சொந்தக்காரன் இல்லாத ஃபைல்கள் வருஷக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடப்பது ஆபத்து. அதில் யாருடைய பான் எண், யாருடைய சம்பள விவரம் இருக்கிறதோ. அதோடு, வாடகை கொடுக்காத அறையை எத்தனை வருஷம் பூட்டி வைப்பார்கள்? என் மனத்தாங்கல் வாடகை கேட்டதில் இல்லை. கெடுவின் அளவில்தான்.

நம் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஏடுகளை வைத்திருக்கச் சொல்கிறது. 2013-ன் கம்பெனிகள் சட்டம் 128-வது பிரிவில் எட்டு நிதியாண்டு என்கிறது. சட்டத்தின் நினைவு எட்டு வருஷம், சந்தாவின் நினைவு 93 நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் சார் மாதிரி, மாதம் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் ஒருவர்.

பிசினஸ் லா வகுப்பில் பெயில்மென்ட் படித்திருப்பீர்கள். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-வது பிரிவு. ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தால் காரியம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். 170-வது பிரிவு, பொருளின் மேல் உழைத்தவன் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. தையல்காரர் சட்டையைப் பிடித்து வைக்கிற உதாரணம் நினைவிருக்கும். பிடித்து வைக்கலாம், 93-வது நாள் கிழித்துப் போடலாம் என்று அங்கே எழுதவில்லை. ஆனால் கையால் தொடும் சரக்குக்காக எழுதிய சட்டம் அது. கிளவுடில் ஆள்வது நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட சேவை ஒப்பந்தம்தான். ஐரோப்பாவில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கும் அவர்களுடைய தரவுச் சட்டப்படி, கிளவுட் ஒப்பந்தம் முடிந்த பிறகு தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதுகூட ஒரு நிறுவனம் மொத்தமாக வெளியேறும்போதுதான். ஒரு அண்ணன் மட்டும் வேலையை விட்டுப் போகிற கதைக்கு அதில் பதில் இல்லை.

பதில் வேறு இடத்தில், ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. 2017-ல் கூகுள் டீம் டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2019-ல் அதற்கு ஷேர்டு டிரைவ் என்று பெயர் மாற்றினார்கள். அதில் போடும் ஃபைல் போட்டவருக்குச் சொந்தமில்லை, குழுவுக்குச் சொந்தம். போட்டவர் போனாலும் ஃபைல் இருக்கும். ஷேர்பாயிண்ட்டின் குழுத் தளங்களும் அப்படியே. கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம் என்றால், நாவெல்லின் எஃப் டிரைவில். ஆளுக்குச் சொந்தமில்லாத, ஆபீசுக்குச் சொந்தமான பொது அலமாரி. ஆனால் எந்தச் சேவையிலும் புது ஆள் வந்ததும் முதலில் கண்ணில் படுவது 'என் ஃபைல்கள்'தான். கை அங்கேதான் போகிறது. அண்ணனின் கையும் அங்கேதான் போயிருக்கிறது, மூன்று வருஷமாக.

நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அண்ணன் பயன்படுத்திய பழைய லேப்டாப் ஆபீஸ் பரணில் இருந்தது. அதில் சிங்க் ஆன ஃபோல்டர் அப்படியே தெரிந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் அவர் அந்த லேப்டாப்பில் திறந்து பார்த்த ஃபைல்கள் மட்டும்தான் முழுசாக இருந்தன. மற்றதெல்லாம் வெறும் பெயர், உள்ளே ஒன்றுமில்லை. மிச்சத்தை ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்து 2ஏ ஸ்டேட்மென்ட்களை இறக்கி, கிளையண்டின் பில் மூட்டையைப் பிரித்து, மறுபடியும் போட்டோம். ஒன்பது நாள், நாலு பேர். அண்ணனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். அவர் மேல் யாருக்கும் கோபமில்லை. சார் அவரை நேராகப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

என் கடைசி நாளில் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "தம்பி, உன் பேர்ல இருக்கிறதெல்லாம் பொது ஃபோல்டருக்கு மாத்து" என்றார். 214 ஃபைல். ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஃபைல் நகர்ந்த பிறகுதான் பாக்கெட்டில் இருந்து ஸ்டைபண்ட் கவரை எடுத்தார்.